4.52க்கு எடுத்த படம்

அன்று நான் எடுத்த படங்கள் நாற்பத்தொன்று. முதலாவது மாலை 4.31க்கு, கடைசி 5.06க்கு. நேரங்களைப் போனே குறித்து வைத்திருக்கிறது. ஆகவே அவற்றில் பிழை இருக்காது. நான் எழுதுவதில் இருக்கலாம்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் எங்கள் படவரைஞர் வகுப்பு நடக்கும். கிழமையில் மூன்று நாள், நாலு மணிக்குத் தொடங்கும். நாரந்தனையிலிருந்து வருகிறவள் நான் ஒருத்திதான். வகுப்பு முடியுமுன்னரே பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருப்பதால், பஸ் வருவது தெரிகிற யன்னலோரக் கதிரை எனக்கு. அதனால்தான் முதலில் கண்டது நானாக இருந்தது. எதிர்ப்பக்கத்து மூன்று மாடித் துணிக்கடையின் உச்சியில், தையல் அறை யன்னலிலிருந்து புகை ஒரு நூல்போல வந்தது. சோளகக் காற்று அதைப் பிடித்து இழுத்தது. நான் "சேர்" என்று சொல்லி முடிக்கும்போது அது கயிறாகியிருந்தது.

எல்லோரும் கீழே ஓடினோம். ஒழுங்கை ஒரு நிமிடத்தில் நிறைந்தது. கடைக்காரர்கள் துணி உருளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் போட்டார்கள். அப்படிப் போட்ட ஒரு உருளை விரிந்து, ஒழுங்கை நீளத்துக்குச் சிவப்புப் பட்டாய் ஓடியது. அதைத் தாண்டித் தாண்டி ஆட்கள் ஓடினார்கள். எட்டாவது படம் அது. யன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாய் வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் கூட்டம் ஒரு அடி பின்னால் போய் இரண்டு அடி முன்னால் வந்தது. நானும் அப்படித்தான் வந்தேன். எனக்கு அப்போது பயமோ கவலையோ வரவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

4.37க்கு முதல் தீயணைப்பு வண்டி வந்தது. 4.42க்கு அதன் தண்ணீர் முடிந்தது. இரண்டாவது வண்டி எங்கோ நெரிசலில் நிற்கிறது என்று ஒரு பொலிஸ்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். மேலே மூன்று தையல் பெண்கள் இருப்பதாக அப்போதுதான் தெரிந்தது. பின் படிக்கட்டில் இறங்கப் பார்த்தவர்கள் நெருப்பைக் கண்டு திரும்ப ஏறிவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகும் நான் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது ஒழுங்கை வாசலில் ஒரு கோர்ன் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். ஒன்றுவிட்ட ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் அதைக் கேட்டுத்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எங்கள் பிரதேச சபையின் தண்ணீர் பவுசர். இந்த முறை ஆவணிக்கு முன்னமே தீவில் கிணறுகள் உவர்த்துவிட்டதால், நகரத் தாங்கியில் எண்ணாயிரம் லீற்றர் நிரப்பிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் நாரந்தனைக்கு வரும். சாரதி சுபாஸ்கரன் அண்ணை. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு.

அவர் பவுசரைப் பின்பக்கமாகவே உள்ளே கொண்டுவந்தார். ஆட்கள் துணி உருளைகளை இழுத்து வழிவிட்டார்கள். தீயணைப்புக்காரர் தங்கள் குழாயை பவுசரின் வாயில் கொழுவ, அவர் வால்வின் சில்லைச் சுற்றித் திறந்தார். தண்ணீர் பின் படிக்கட்டுக்குப் பாய்ந்ததும் முழுக்கூட்டமும் கைதட்டியது. நானும் போனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினேன். அதனால் 4.44க்கும் 4.46க்கும் இடையில் படம் இல்லை.

4.50க்கு மூன்று பெண்களும் ஈரச் சேலைகளைத் தலையில் போர்த்தபடி இறங்கி வந்தார்கள். முதலாவது பெண் படியிலேயே இருந்து அழத் தொடங்க, பின்னால் வந்தவள் அவளைத் தாண்டிக்கொண்டு இறங்கினாள். மேலே வேறு ஒருவரும் இல்லை என்று அவள் சொன்னதை நான் கேட்டேன்.

4.52க்கு எடுத்த படம்தான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணமானது. சுபாஸ்கரன் அண்ணை நனைந்த சேட்டோடு, இரண்டு கையாலும் சில்லைப் பிடித்தபடி நிற்கிறார். பவுசரின் பக்கத்தில் 'குடிநீர்' என்ற எழுத்து. தலைக்கு மேலே மூன்றாம் மாடி முழுக்கச் செம்மஞ்சள். நல்ல படம். நான் எடுத்தவற்றுள் அதைப்போல நல்ல படம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் குழாயைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்தார். ஒரு தீயணைப்புக்காரர் பின்னால் ஓடி ஏதோ கத்தினார். தண்ணீர் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். 4.55க்குப் பக்கத்துச் சிறிய மணிக்கூடு திருத்தும் கடையின் பலகையில் நெருப்புப் பிடித்தது. இரண்டாவது வண்டி வரும்போது 4.58. கடை பாதி போய்விட்டது.

5.03க்கு நான் அந்தப் படத்தை முகநூலில் போட்டேன். "எங்கட ஊர் பவுசர், எங்கட சுபாஸ்கரன் அண்ணை" என்று எழுதி, மூன்று நெருப்புக் குறியும் ஒரு கைகூப்புக் குறியும் சேர்த்தேன்.

ஆறேகாலுக்கு நான் எங்கள் ஒழுங்கையில் இறங்கினபோது பவுசர் அங்கே நின்றது. வெயில் இன்னும் முழுதாய் இறங்கவில்லை. சின்னத்தங்கம் மாமி இடுப்பில் ஒரு குடமும் காலடியில் மூன்று வெறுங்குடமுமாகச் சுபாஸ்கரன் அண்ணையைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு குடம்தானாம் அன்றைக்கு. ஏன் என்று கேட்டால் இதுதான் இருக்கு என்கிறாராம்.

"ஒரு குடத்திலை ஆர் குடிக்கிறது, ஆர் உலை வைக்கிறது? மிச்சத்தை எங்கை வித்தனீர்?"

"நெருப்புக்கு வித்தனான் மாமி."

"பகிடி விடாதையும். சேட்டெல்லாம் புகை மணக்குது. எங்கையோ வாட்டின இறைச்சி திண்டுபோட்டு வாறார்."

அவர் சிரித்தபடி, நான் வீட்டுக்குள் ஓடி எடுத்து வந்த குடத்தை வாங்கி நிரப்பினார். குடம் நிரம்ப ஒரு விரல் இருக்கும்போது நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஒழுங்கை கடைசித் தரிப்பு. இதற்கு முன் ஆறு தரிப்பு. மொத்தம் அறுபத்திரண்டு வீடு. ஆளுக்கு ஒரு குடம் என்றாலும் ஆயிரம் லீற்றருக்குக் கொஞ்சம் குறையத் தண்ணீர் வேண்டும். நெருப்படியிலிருந்து அவர் வண்டியை எடுத்தபோது தண்ணீர் முடிந்திருக்கவில்லை.

குடத்தைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு, போனை எடுத்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். கை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று படத்தில் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலைக்குள் படம் என்னிடமிருந்து எங்கேயோ போய்விட்டது. நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். முதலில் எல்லாம் பாராட்டு. பிறகு கூட்டத்தில் நின்ற யாரோ, இந்த ஆள் திறக்கவில்லை, நெருப்பு எரியும்போதே தண்ணீரை அடைத்துக்கொண்டு ஓடினவர், பக்கத்துக் கடை எரிந்தது அதனால்தான் என்று எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு கட்சி. திறக்கிறார் என்று ஒரு பகுதி, மூடுகிறார் என்று மற்றப் பகுதி. கனடாவிலிருந்து ஒருவர் சில்லைப் பெரிதாக்கி அம்புக்குறி போட்டிருந்தார். படத்தை நான் அழித்தேன். அழித்தும் பயனில்லை.

வெள்ளிக்கிழமை அவரைச் சபைக்குக் கூப்பிட்டு பவுசரின் திறப்பை வாங்கி மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மணிக்கூட்டுக் கடை ஐயாத்துரை எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமை விசாரணை. அண்ணை எட்டு வருடமாகத் தற்காலிகச் சாரதி. நிரந்தர நியமனத்துக்கான பட்டியலில் இந்த மாதம்தான் அவர் பெயர் போக இருந்தது. இனிப் போகுமா என்று ஒருவருக்கும் தெரியாது. புங்குடுதீவுக்கு ஓடுகிற மற்றப் பவுசர் நேரம் கிடைத்தால் எங்கள் பக்கம் வரும் என்றார்கள். சனியும் ஞாயிறும் அது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுபாஸ்கரன் அண்ணை வீட்டுக்குப் போனேன். போவதா விடுவதா என்று படலை வரை இரண்டுமுறை போய்த் திரும்பினேன் என்பதையும் எழுத வேண்டும். அவருடைய மனைவி யூலியட் அக்கா முற்றத்தில் இருந்து பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரை செம்மஞ்சள் களி. பக்கத்தில் பாயில் பனாட்டுக்கு ஊற்றின முதல் படை காய்ந்துகொண்டிருந்தது. காற்றுக்கு மண் வந்து விழாமல் இருக்க நான்கு பக்கமும் ஓலை மறைப்பு.

"வாரும், படக்காரி" என்றார். "பாயிலை நிழல் விழாமல் இரும்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டார். மன்னிப்பை வைத்து என்ன செய்வது, சம்பலுக்குப் போடுவதா என்று கேட்டார். பிறகு கையைச் சட்டி விளிம்பில் வழித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"படத்தைப் பாத்தா திறக்கிற மாதிரியும் இருக்கு, மூடுற மாதிரியும் இருக்கு. ஓமோ?"

"ஓம் அக்கா."

"எடுத்த ஆள் நீர். செவ்வாய்க்கிழமை உம்மையும் வரச்சொல்லி இருக்கினம். நீர் திறக்கிறார் எண்டு சொன்னா அது திறக்கிறதுதான். ஒரு சொல்லு. எட்டு வருசம் பிள்ளை. இந்த ஆள் காய்ச்சலோடையும் ஓடினது. என்ரை அம்மா செத்த அண்டைக்கும் ஒரு நடை ஓடிப்போட்டுத்தான் வந்தது."

நான் யோசிக்கவே இல்லை. சொல்கிறேன் என்றேன். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பொய்யை எப்படிச் சொல்வது என்று மனம் உடனே ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டது: 4.46இல் கொஞ்சம் மூடியிருந்தது, 4.52இல் முழுக்கத் திறந்தார்.

சுபாஸ்கரன் அண்ணை மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தார். நாங்கள் பேசினது காதில் விழுந்திருக்க வேண்டும். அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மற்றப் படங்களும் இருக்கிறதா, காட்டும் தங்கச்சி என்றார். வாங்கிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இவர் இரண்டு குழாயைத் தனியாகப் பிடித்தவர், இந்தப் பொடியன் சரியான வீரன், இந்தா இந்தக் கண்ணாடி வெடிச்சுத்தான் என்ரை தோளிலை பட்டது என்றார். முப்பதாவது படத்தில் தன் வயிறு சேட்டுக்கு வெளியே தெரிவதைக் கண்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். யூலியட் அக்கா, இந்த வயிற்றைக் கண்டுதான் நெருப்புப் பயந்தது என்றார். எனக்குத் திரும்ப அன்றைய மகிழ்ச்சி வந்தது. மூன்று பேருமாக அந்த நெருப்பை இன்னொருமுறை பார்த்துக்கொண்டிருந்தோம்.

பயம் இருக்கவில்லையா என்று கேட்டேன்.

"எட்டு வருசம் தண்ணி கொண்டு திரியிறன், தங்கச்சி. பிந்தினா ஏச்சு, குறைஞ்சா ஏச்சு. தண்ணியைக் கண்டு கைதட்டினதை அண்டைக்குத்தான் கண்டனான்."

கடைசியில் 4.52 படத்துக்கு வந்தார். பவுசரின் பின்பக்கத்தில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பெரிதாக்கிக் காட்டினார். அதில் கீழ்ப்பகுதியில் சிவப்பு மையால் ஒரு கோடு. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. அவர் சொன்னார்: முன்பு ஒருமுறை கடைசித் தரிப்புக்கு வரும்போது தண்ணீர் முடிந்துவிட்டதாம். எங்கள் ஒழுங்கைக்கு. அன்று எங்கள் அப்பா சைக்கிளில் இரண்டு கலனைக் கட்டிக்கொண்டு வேலணை வரை போனாராம். அடுத்தநாளே அண்ணை இந்தக் கோட்டைப் போட்டார். கோட்டுக்குக் கீழே உள்ளது கடைசித் தரிப்பின் தண்ணீர், அதற்கு முன் யார் கேட்டாலும் திறப்பதில்லை. நெருப்பு நாளில் மட்டும் அதையே ஏழு தரிப்புக்கும் வீட்டுக்கு ஒரு குடமாகப் பங்கிட்டாராம்.

"நெருப்படியிலை கோட்டைக் கண்ட உடனை கை தானாச் சுத்திப்போட்டுது. யோசிச்சுச் செய்யேல்லை. பேந்துதான் யோசிச்சனான்."

"என்ன யோசிச்சனீங்கள்?"

"திருப்பித் திறப்பமோ எண்டு." அவர் போனை என்னிடம் தந்தார். "திறக்கேல்லை."

செவ்வாய்க்கிழமை சபை அலுவலகத்தில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. செயலாளர் தியாகலிங்கம் ஐயா நடுவில். ஒரு பக்கத்தில் ஐயாத்துரை, எழுபது வயதிருக்கும், கண்ணில் வைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மற்றப் பக்கம் நாங்கள். யூலியட் அக்காவை வெளி வாங்கிலில் இருக்கச் சொன்னார்கள். யன்னலால் அவருடைய தலை தெரிந்தது.

செயலாளர் படத்தை அச்சடித்து வைத்திருந்தார். பெரிய தாளில் அது இன்னும் நன்றாக இருந்தது. முதலில் ஐயாத்துரையைக் கேட்டார். கடையில் நாற்பது வருடத்துக் கருவிகள், திருத்தக் கொடுத்த ஆட்களின் மணிக்கூடுகள், எல்லாம் போய்விட்டது என்று அவர் சத்தமில்லாமல் சொன்னார். அதைவிட, தண்ணீர் மூடவே இல்லை, நீர் கிழட்டுக் கண்ணாலை என்னத்தைக் கண்டீர் என்று ஆட்கள் தன்னைப் பொய்யனாக்கியதுதான் தாங்கவில்லை என்றார். தான் பார்த்தது உண்மையா இல்லையா என்று எழுத்தில் வேண்டும்.

செயலாளர் படத்தை என் பக்கம் திருப்பினார். "நீர்தானே பிள்ளை எடுத்தனீர். இதிலை திறக்கிறாரோ, மூடுறாரோ?"

எழுதி மனப்பாடம் செய்து வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் ஐயாத்துரை என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒரு மணிக்கூட்டைப் பார்ப்பதுபோல. 4.46 என்று சொல்லத் தொடங்கிய எனக்கு அடுத்த சொல் வரவில்லை.

"மூடினனான் ஐயா" என்றார் சுபாஸ்கரன் அண்ணை. "அந்தப் பிள்ளையை ஏன் வில்லங்கப்படுத்துறியள். நான் மூடினனான்."

யன்னலில் யூலியட் அக்காவின் தலை கீழே போனது.

"நெருப்பு எரியேக்கையோ?"

"ஓம். மேலை ஆக்கள் இல்லை எண்டு கேட்டிட்டு. எட்டாயிரத்திலை ஏழாயிரம் விட்டனான். மற்ற ஆயிரம் என்ரை தண்ணி இல்லை."

"அப்ப அந்த ஏழாயிரம் ஆரின்ரை தண்ணி?" என்று செயலாளர் கேட்டார்.

அண்ணை அதற்கு ஆயத்தமாக வரவில்லை. கையைப் பார்த்தார். "அதுவும் என்ரை இல்லைத்தான்" என்றார்.

செயலாளருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஐயாத்துரை கேட்டார், அந்த ஆயிரம் இருந்திருந்தால் தன் கடை மிஞ்சியிருக்குமா என்று. அண்ணை, இருக்கலாம் என்றார். பிறகு, தான் அதை ஒவ்வொருநாளும் நினைக்கிறதாகவும் சொன்னார். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று செயலாளர் கேட்க, அண்ணைக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்: அறுபத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு குடம், குடத்தில் ஒரு விரல் குறைவு. எங்கள் வீட்டில் அன்றிரவு அரிசி அவிந்தது அதில்தான். குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்ததைப் பற்றி எனக்கு இப்போதும் வெட்கமில்லை.

வாக்குமூலத்தை எழுதினார்கள். சம்பவத்தைக் கண்டவர் என்ற இடத்தில் என்னை எழுதச் சொன்னார்கள். "4.52க்குச் சாரதி தண்ணீரை மூடினார். அதற்கு முன் மூன்று பேர் உயிரோடு இறங்கியிருந்தார்கள்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஐயாத்துரை உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் வைத்து இரண்டு முறை வாசித்தார். தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். பிரதியை நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் எழுந்து போனார்.

செயலாளர் விசாரணைக் கோவையில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்னால் வாசிக்க முடியவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை, எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அப்போது அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணை கதிரையின் விளிம்பில் இருந்தார். வெளி அறையில் தொலைபேசி அடித்தது, அலுவலகப் பெண் எட்டிப் பார்த்தாள். நாரந்தனையிலிருந்து இன்று ஆறாவது முறையாம். குடங்களை வீதிக்குக் குறுக்கே அடுக்கிவிட்டார்களாம், பஸ் நிற்கிறதாம். எடுத்தது சின்னத்தங்கம் என்று ஒரு மனிசியாம்.

"என்னவாம்?"

"சுபாஸ்கரனை அனுப்பாட்டி பஸ்ஸை விடமாட்டினமாம் ஐயா. வேறை ஆள் வேண்டாமாம். வேறை ஆக்கள் கடைசித் தரிப்புக்கு வாறேல்லையாம்."

செயலாளர் பேனாவை மூடினார். "ஒரு கேள்வி. இனி ஒருக்கால் போற வழியிலை எங்கையும் நெருப்புப் பிடிச்சா நிப்பாட்டுவீரோ?"

இல்லை என்று சொல்லுங்கள் அண்ணை என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"நிப்பாட்டுவன் ஐயா" என்றார் சுபாஸ்கரன் அண்ணை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கோட்டுக்கு வந்தா மூடவும் மூடுவன்."

செயலாளர் லாச்சியை இழுத்து, பவுசரின் திறப்பை எடுத்து மேசையில் தள்ளினார்.